"சிஸ்டரே போட்டுக்கலையாமே!": ஆஸ்பத்திரி ஆட்களின் தடுப்பூசித் தயக்கம், ஆரம்பத்திலிருந்து

வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் நின்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது இது காதில் விழும்: "அந்த ஆஸ்பத்திரி சிஸ்டரே ஊசி போட்டுக்கலையாம், நமக்கு எதுக்குப்பா?" கொரோனா காலத்தில் தினமும் விழுந்தது. இப்போது ஃப்ளூ ஊசி பற்றிப் பேச்சு வந்தாலும் இதேதான். சொன்னவர் சொல்லிவிட்டு ஒரு வாய் டீ குடிப்பார், சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். உள்ளே வேலை செய்கிறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

நான் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் 11 வருஷமாக லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளர் இல்லை. தினமும் முப்பது நாற்பது பேர் கையில் ஊசி குத்துகிறவன், எனக்கு ஊசி என்றதும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவன். அந்தக் கதை கீழே வருகிறது. அந்த டீக்கடை வாக்கியத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், பல நேரம் அது உண்மைதான். போட்டுக்கொள்ளாத சிஸ்டர்களை எனக்கே தெரியும். ஆனால் அவர்கள் ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று யாரும் போய்க் கேட்பதில்லை, நாமே ஒரு காரணத்தை ஒட்டவைத்துக்கொண்டு அதை ஊசிக்கு எதிரான சாட்சியாக்கிவிடுகிறோம்.

கரையில் நிற்பவன் கடலை விட்டவன் இல்லை

காசிமேட்டில் விடியற்காலையில் பார்த்திருப்பீர்கள். படகு தயார், ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் இருக்கிறது, ஆனாலும் ஒருவர் கரையிலேயே நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று அந்தப் பக்கம் போனவனிடம் போன் போட்டு விசாரிப்பார். அவர் மீன்பிடியே வேண்டாம் என்று முடிவு செய்தவர் இல்லை. இன்றைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார், அவ்வளவுதான்.

தடுப்பூசித் தயக்கம் என்பதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் அமைத்த நிபுணர் குழு இதற்குக் கொடுத்த வரையறையை நம் பாஷையில் சொன்னால்: ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருந்தும், போட்டுக்கொள்வதைத் தள்ளிப்போடுவது அல்லது மறுப்பது. 2019-ல் அந்த நிறுவனம் உலக ஆரோக்கியத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. வரையறையில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, "கைக்கெட்டும் இடத்தில் இருந்தும்". ஊசியே வராத ஊரில் போட்டுக்கொள்ளாதவரைத் தயங்குகிறார் என்று சொல்ல முடியாது. இரண்டு, தள்ளிப்போடுவதும் மறுப்பதும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டின் ஒரு முனையில் கேட்காமலே கையை நீட்டுகிறவர், மறுமுனையில் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறவர். நடுவில் பல விதமானவர்கள்: சந்தேகத்தோடு போட்டுக்கொள்கிறவர், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறவர், பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டுவிட்டுத் தனக்கு மட்டும் வேண்டாம் என்கிறவர். இந்தக் கடைசி வகையை ஆஸ்பத்திரிகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக, "போட்டுக்கலை" என்ற ஒரு வார்த்தைக்குள் நாலைந்து விதமான ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் "ஊசி எதிர்ப்பாளர்" என்ற ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

"ஆஸ்பத்திரி ஆள்" என்றால் யார்?

சுகாதாரப் பணியாளர் என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளைக் கோட்டு. ஸ்டான்லி மாதிரி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள்: டாக்டர், ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ், பயிற்சி நர்ஸ், மருந்தாளுநர், எக்ஸ்ரே டெக்னீசியன், என்னை மாதிரி லேப் ஆட்கள், வார்டு பாய், ஆயாம்மா, ஒப்பந்தத்தில் வரும் தூய்மைப் பணியாளர், செக்யூரிட்டி, சமையல்கட்டு ஆட்கள், ஆம்புலன்ஸ் டிரைவர். வெளியே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் வேறு. இவர்கள் எல்லோருமே சுகாதாரப் பணியாளர்கள்தான். 2021 ஜனவரி 16-ஆம் தேதி இந்தியாவில் கொரோனா ஊசி ஆரம்பித்தபோது முதல் வரிசையில் இவர்களைத்தான் நிற்க வைத்தார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு தகவல் கிடைப்பதில்லை. டாக்டர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துத் தயங்கலாம். ஆயாம்மா, டாக்டர் தயங்குவதைப் பார்த்துத் தயங்கலாம். செக்யூரிட்டி, ஆயாம்மா சொன்னதைக் கேட்டுத் தயங்கலாம். டீக்கடைக்கு வந்து சேரும்போது அது "டாக்டருங்களே போட்டுக்கலையாம்" என்று ஆகியிருக்கும்.

மீன்காரம்மாவும் செவுளும்: தெரிந்தவர் ஏன் தயங்குகிறார்?

மீன் வாங்கத் தெரியாதவன் விலையைப் பார்த்து வாங்குவான். மீன்காரம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அழுத்துவார். காரணம், கெட்ட மீன் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், பார்த்திருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரி ஆட்கள் கேள்வி கேட்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் பார்க்கும் இடமே அவர்களை ஏமாற்றும், அதுவும் தெரிந்த ஆளை.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் படித்தது நினைவிருக்கிறதா? மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. வார்டில் வேலை செய்கிறவருக்குக் கண்ணில் படுவது தொகுதி மட்டும்தான். ஊசி போட்டபின் காய்ச்சல் வந்தவர், மயங்கி விழுந்தவர், ஊசி போட்டும் நோய் வந்தவர், இவர்கள்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஊசி போட்டு ஒன்றும் ஆகாதவர் எதற்கு வரப்போகிறார்? அவர் கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் திறக்கக் காத்துக்கொண்டிருப்பார். அவர்தான் பகுதி. அவரை எண்ணாமல் விட்டால் கணக்கு தலைகீழாகும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எண்கள் நான் வைத்தவை, புரிவதற்காக மட்டும். ஓர் இடத்தில் 1000 பேர். 950 பேர் ஊசி போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். ஊசி போடாவிட்டால் 100-க்கு 10 பேர் படுக்கையில் சேர வேண்டிவரும், போட்டிருந்தால் 100-க்கு 2 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாத 50 பேரில் 5 பேர் வார்டுக்கு வருவார்கள். போட்ட 950 பேரில் 19 பேர் வருவார்கள். மொத்தம் 24 படுக்கை, அதில் 19 பேர் ஊசி போட்டவர்கள்! நைட் டூட்டியில் கேஸ் ஷீட்டைப் புரட்டும் சிஸ்டருக்கு என்ன தோன்றும்? "ஊசி போட்டவங்கதான் அதிகமா வராங்க." அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அதே கணக்கில் ஊசி ஆபத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. 950 பேரும் ஊசி போடாமல் இருந்திருந்தால் அவர்களில் 95 பேர் வந்திருப்பார்கள், வார்டில் இடமே இருந்திருக்காது.

இதை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள், நானும் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அனுபவம் அதிகமாக அதிகமாகத் தொகுதி மட்டும் பெருத்துக்கொண்டே போகும். இருபது வருஷ சர்வீஸ் உள்ள சிஸ்டர் உறுதியாகத் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

ஊசி போட்ட பிறகு வரும் எந்த உடல்நலக் கெடுதிக்கும், காரணம் என்னவாக இருந்தாலும், துறையில் ஒரு பொதுப்பெயர் உண்டு: ஊசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வு. "பிந்தைய" என்பதைக் கவனியுங்கள், "ஊசியால்" என்று அதில் இல்லை. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கையின் எடையால் விழுந்ததா, பழுத்ததால் விழுந்ததா என்பதை அப்புறம்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தால் சில விதமான பதில் வரும். ஊசி மருந்தே காரணமாக இருக்கலாம். போட்ட விதத்தில், வைத்திருந்த விதத்தில் தவறு இருக்கலாம். பயத்தால் மயக்கம் வந்திருக்கலாம் (வரிசையில் முதலில் நிற்பவர் விழுந்தால் பின்னால் மூன்று பேர் விழுவார்கள், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்). அல்லது ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் அதே நேரத்தில் நடந்திருக்கலாம். இந்தக் கடைசி வகைக்குத் தற்செயல் நிகழ்வு என்று பெயர்.

தமிழ்நாட்டில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலை போய்விட்டார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது என்று சிகிச்சை தந்த டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். குழாய் முழுசாக அடைபடும் அளவுக்குக் கொழுப்புப் படிவது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை. பாதக நிகழ்வுகளை ஆராயும் தேசியக் குழுவும் பின்னாளில் இதைத் தற்செயல் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. ஆனால் அந்தப் பதில் வந்தபோது மாதங்கள் ஓடிவிட்டன. அன்றைக்கு வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இரண்டு தேதிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன: 15, 17. நர்ஸுகளும் அதே குழுக்களில்தான் இருந்தார்கள். யூனிஃபார்மைக் கழற்றினால் அவர்களும் நம் தெருக்காரர்கள்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நானும் பிரச்சாரம் செய்கிறவன் ஆகிவிடுவேன். உண்மையான பாதிப்புகளும் உண்டு. நம் ஊரில் கோவிஷீல்டு என்று வந்த அஸ்ட்ராஜெனகா ஊசியால், மிக அரிதாக, ரத்தம் கட்டிக்கொண்டு கூடவே (ரத்தம் உறைய உதவும்) தட்டணுக்கள் குறையும் ஒரு பிரச்சினை வந்தது. லட்சக்கணக்கானவர்களில் சிலர் என்ற அளவு. ஐரோப்பாவில் பல நாடுகள் இளவயதுக்காரர்களுக்கு அந்த ஊசியை நிறுத்திவிட்டு வேறு ஊசிக்கு மாறின. இதை மறைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் நடந்ததே போதும். லண்டன் வழக்கில் அந்த நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்ததும், மூன்று வருஷம் முன்பே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்திருந்த விஷயம் இங்கே புதுசாகக் கண்டுபிடித்த ரகசியம் மாதிரி ஓடியது. ஊசி போட்டு சில வாரங்களுக்குள் வரக்கூடிய பிரச்சினைக்கு, மூன்று வருஷம் கழித்து "எனக்கும் ரத்தம் உறையுமா, டெஸ்ட் எடுங்க" என்று எங்கள் லேப் கவுன்டருக்கு ஆட்கள் வந்தார்கள்.

செவிலியர்களுக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. 2008 ஏப்ரலில், நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில், தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதைச் சுருக்கி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். அந்தக் காலத்தில் பணியிலிருந்த மூத்த செவிலியர்களிடம் பேசிப் பாருங்கள், ஊசி என்றதும் அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கும். ஒரு தவறு நடந்தால் முதலில் யார் கழுத்துக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வார்டில் இருப்பவர் தொகுதியைப் பார்க்கிறார், பகுதியைப் பார்ப்பதில்லை. பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்தது இல்லை. ஆனால் சில நேரம் அதனாலும் வரும், அதை மூடி மறைத்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு நம்பிக்கை போய்விடும்.

2021 ஜனவரி: அவர்கள் கேட்டது தப்பான கேள்வியா?

ஊசி வந்த முதல் சில வாரங்களில் தமிழ்நாட்டு சுகாதாரப் பணியாளர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அதிலும் கோவாக்சினுக்கு ரொம்பவே தயங்கினார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் விஜயபாஸ்கர் தானே கோவாக்சின் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது.

காரணம் எளிமையானது. எந்த ஊசியும் மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதல் இரண்டில் சில நூறு பேரிடம், ஆபத்து இல்லையா, உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் திரவம் கொடுத்து, உண்மையில் நோயைத் தடுக்கிறதா என்று எண்ணுவார்கள். கோவாக்சினுக்கு அவசர அனுமதி வந்தது 2021 ஜனவரி 3. மூன்றாம் கட்டத்தின் முதல் முடிவு வெளியானது மார்ச் 3. இடையில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டார்கள். டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் பயிற்சி டாக்டர்கள், எங்களுக்குக் கோவிஷீல்டே கொடுங்கள் என்று கடிதமே எழுதினார்கள்.

இது செவுளைத் தூக்கிப் பார்த்த கேஸ். முடிவு வரட்டும் என்று ஒரு டாக்டர் சொன்னால் அதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? முடிவும் வந்தது, ஊசி வேலை செய்தது (இறுதிக் கணக்கில் சுமார் 78 சதவீதம்), பலரும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஜனவரியில் அவர்கள் சொன்ன "இப்ப வேண்டாம்" மட்டும் தெருவில் தங்கிவிட்டது. மார்ச்சில் போட்டுக்கொண்டதை யாரும் வந்து டீக்கடையில் அறிவிக்கவில்லையே! அதற்குள் இரண்டு டோஸுக்கு நடுவே இடைவெளி வேறு மாறிக்கொண்டே இருந்தது. கோவிஷீல்டுக்கு முதலில் 28 நாள், பிறகு 6 முதல் 8 வாரம், மே மாதம் 12 முதல் 16 வாரம். ஆய்வு வர வர மாற்றுவது நியாயமாக இருக்கலாம், ஆனால் வரிசையில் நிற்கிற ஆளுக்கு அது "இவனுங்களுக்கே தெரியல" என்றுதான் கேட்கும்.

அப்புறம் ஏப்ரல், மே. ஒரு வருஷம் முன்பு சென்னையிலேயே அதிகமாக அடிபட்ட இடங்களில் ஒன்று ராயபுரம் மண்டலம், அந்த நினைவே ஆறவில்லை, அதற்குள் இரண்டாம் அலை. கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு ராத்திரி பகலாக வரிசை. எங்கள் லேபில் சிடி வேல்யூ, டி-டைமர் என்று வாய்க்கு வராத பெயரெல்லாம் ஆட்டோ டிரைவர்கூடச் சொல்லிக் கேட்டார். ஜனவரியில் தயங்கிய ஆட்களே ஊசி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். மருந்து அதேதான், மாறியது பயத்தின் திசை.

மூன்று கயிறு

இந்த மாற்றத்தை விளக்க நிபுணர்கள் மூன்று விஷயத்தைச் சொல்வார்கள். நம்பிக்கை: ஊசியின் மேல், அதைத் தருகிறவர் மேல், தரச்சொல்லி உத்தரவு போடுகிறவர் மேல். மெத்தனம்: அந்த நோய் எனக்கு வராது, வந்தாலும் பெரிசாக ஒன்றும் இல்லை என்ற எண்ணம். வசதி: போட்டுக்கொள்ளும் இடம், நேரம், செலவு, லீவு. மூன்றில் எது இழுத்தாலும் ஆள் நின்றுவிடுவார். 2021 ஜனவரியில் இழுத்தது நம்பிக்கை. மே மாதம் மெத்தனக் கயிறு அறுந்தது.

சுகாதாரப் பணியாளர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்பிக்கையை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் மற்ற இரண்டும்தான் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்க்கும்.

என் விரலில் ஏறிய ஊசி

கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலை வைரஸ்களில் ஹெபடைடிஸ் பி ஒன்று. ரத்தத்தின் வழியாகப் பரவும். உலர்ந்த ரத்தக்கறையில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். நோயாளிக்குக் குத்திய ஊசி தவறி நம் விரலில் ஏறினால், அந்த நோயாளியின் நிலையைப் பொறுத்து, தடுப்பூசி போடாத நமக்குத் தொற்ற 100-க்கு 30 வரை வாய்ப்பு. அதே விபத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3. நாங்கள் எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு!

இதற்கு நல்ல தடுப்பூசி பல வருஷமாக இருக்கிறது. மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இதில் வைரஸே கிடையாது, வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுத்துத் தருகிறார்கள். நண்டின் ஓட்டை மட்டும் காட்டுகிற மாதிரி. ஓடு கடிக்காது, ஆனால் அடுத்த தடவை முழு நண்டு வந்தால் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசி வந்தது 2011-12 வாக்கில்தான். ஆகவே இன்று வேலையில் இருக்கிற பெரும்பாலானவர்கள் சின்ன வயதில் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்ன தனியார் லேபில். சேரும்போதே கேட்டேன், "போட்டுக்கப்பா, நல்லது" என்றார்கள். யார் காசில், எந்த நேரத்தில் என்று யாரும் சொல்லவில்லை. காலை 6 மணிக்கு சாம்பிள் எடுக்கப் போனால் திரும்ப ராத்திரி 8 ஆகும், ஞாயிறும் அரை நாள் உண்டு. எனக்கு ஊசி மேல் ஒரு சந்தேகமும் இல்லை, முழு நம்பிக்கை. ஆனாலும் இரண்டு வருஷம் போடவில்லை. யாராவது என்னைக் காட்டி "லேப்காரனே போட்டுக்கலை" என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான்.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, செய்யவே கூடாது என்று பாடத்தில் படித்ததைச் செய்தேன்: ஊசிக்கு மறுபடி மூடி போடப் போனேன். மூடியைத் தாண்டி இடது கை ஆள்காட்டி விரலில் ஏறியது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம். ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. அந்தப் பெரியவரின் சாம்பிளையே நான் டெஸ்ட் போட்டேன். கார்டில் இரண்டாவது கோடு வருமா வராதா என்று அந்த இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றது இன்னமும் மறக்கவில்லை. ஒரே கோடு. நெகட்டிவ். அன்று சாயங்காலமே என் காசில் முதல் டோஸ்.

தயக்கம் என்று வெளியே தெரிவதில் எவ்வளவு பங்கு இப்படிச் சும்மா தள்ளிப்போவது என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் நிலைமை இன்னும் மோசம். ஊசிக் குப்பையை அள்ளுவது அவர், காண்ட்ராக்டர் மாறினால் பதிவேட்டில் பெயரும் மாறும், ஒரு டோஸ் அந்த கம்பெனியில் போட்டால் மூன்றாவது டோஸுக்கு யாரைக் கேட்பது என்றே அவருக்குத் தெரியாது. ஊசி போட்டு மறுநாள் காய்ச்சல் என்று வராவிட்டால் அன்றைய கூலி போச்சு.

சம்மதம் எப்படி வருகிறது?

உத்தரவு போட்டால் வருமா? ஓரளவு. ஆனால் 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அவரவருடையது என்றும், பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. எனக்கு இதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது: ஃப்ளூவோ தட்டம்மையோ நம் மூச்சில் இருந்தால், அது போய்ச் சேருவது கீமோ எடுக்கிறவருக்கும் பச்சைக்குழந்தைக்கும்தான்.

நான் பார்த்த வரையில் போஸ்டரும் மீட்டிங்கும் பெரிதாக வேலை செய்வதில்லை. பக்கத்து டேபிள் ஆள் போட்டுக்கொண்டு, மறுநாள் கை வலியோடு வேலைக்கு வந்து, "வலிக்குதுப்பா, ஆனா அவ்ளோதான்" என்று சொன்னால் வேலை செய்கிறது. அப்புறம், கேள்வி கேட்கிறவரை முட்டாள் என்று பார்க்காத ஒரு சீனியர் வேண்டும். எங்கள் லேபில் கண்ணாடி கழுவி, குப்பை எடுக்கும் ஒரு ஆயாம்மா இருக்கிறார். ஹெபடைடிஸ் ஊசிக்கு ஆறு மாதமாக முடியாது என்றவர். இப்போதைய இடத்தில் செலவு நிர்வாகமே ஏற்கிறது, அதனால் காசு பிரச்சினை இல்லை. எல்லோரும் அவருக்கு வகுப்பு எடுத்தோம். எங்கள் சீனியர் சிஸ்டர் மட்டும் ஒருநாள் மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டே, "யக்கா, உனக்கு இதுல இன்னா பயம், அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

"பயம் இன்னா சிஸ்டர். எங்க வூட்டுக்காரருக்கு காமாலை வந்து செத்தாரு. காமாலை ஊசி போட்டா காமாலை வந்துடும்னு மாமியாரு சொல்லிக்கினே இருக்கும்."

இதை எங்களில் யாருமே கேட்டிருக்கவில்லை. சிஸ்டர் ஈஸ்ட், புரதம் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. "இதுல அந்தக் கிருமியே இல்லக்கா, அதோட தோல் மட்டும்தான். தோலு எப்படி காமாலை குடுக்கும்? நீ தினம் அள்ற குப்பையிலதான் நெஜக் கிருமி கீது" என்றார். அவ்வளவுதான். ஆயாம்மா அன்று போட்டுக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார். ஒன்பது நாள் கழித்து தை மாதக் கடைசியில் வந்து கையை நீட்டினார்.

இரண்டாவது டோஸும் ஆனது. மூன்றாவதுக்கு தேதி பார்த்தால் ஆடியில் வந்து நின்றது. "இன்னா தம்பி, அந்த வாரம் எங்க தெருவுல அம்மனுக்குக் கூழ் ஊத்தறோமே, கை வலிச்சா அண்டாவ யாரு கிண்டறது?" என்று கேட்டார். மூன்றாவது டோஸ் ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது, முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம், போடாமல் மட்டும் விடக்கூடாது என்று சொல்லி, காலண்டரில் அடுத்த வியாழக்கிழமையை வட்டமிட்டுக் கொடுத்தேன். வியாழன் காலை ஏழே காலுக்கெல்லாம் வந்துவிட்டார், கையில் தூக்குவாளி நிறையக் கூழோடு.